பத்தாம் நாள் அரிப்பு

2012 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ரம்ஜான். தமிழ்நாட்டின் முஸ்லிம் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கைக்கு மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவு. நள்ளிரவு வாக்கில் ஒரு வதந்தி கிளம்பியது. கடையில் வாங்கிய மருதாணிக் கோனில் விஷம் கலந்திருக்கிறது, வைத்துக்கொண்ட பிள்ளைகள் செத்து விழுகிறார்கள் என்று செல்போன் வழியே அது ஊர் ஊராக ஓடியது. சென்னை அரசு மருத்துவமனைகளின் வாசலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். மற்ற பல ஊர்களிலும், கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இதே கதைதான். டாக்டர்கள் பார்த்தபோது சிலருக்கு அரிப்பும் எரிச்சலும் இருந்தன. பெரும்பாலோருக்குப் பயத்தைத் தவிர ஒன்றும் இல்லை. விடிந்ததும் கூட்டம் கலைந்தது.

செத்ததாகச் சொன்ன சேதி பொய். ஆனால் அந்த இரவு மக்கள் மனதில் ஒரு தப்பான கணக்கை விட்டுப்போனது. மருதாணியில் கெடுதல் இருந்தால் வைத்த அன்றே தெரிந்துவிடும், விடியும்வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பித்துவிட்டோம் என்ற கணக்கு. சில கோன்களில் கலக்கப்படும் முடிச்சாயம், அதாவது ஹேர் டை, இந்தக் கணக்குக்குள் அடங்காது. முதல் இரவு அது ஒன்றும் செய்யாது, நன்றாகக் கறுத்து அழகாகவே இருக்கும். அதன் வேலை பத்தாம் நாள் வாக்கில் தொடங்கும். அப்படித் தொடங்கியது அந்த ஆளை ஆயுள் முழுக்க விடாது.

முதலில் நல்ல மருதாணியைப் பார்த்துவிடலாம். திண்டுக்கல் சமவெளியின் செம்மண்ணுக்கும் வறண்ட காற்றுக்கும் மருதாணி தானாகவே செழிக்கும். வேலியோரத்தில் நிற்கிற அந்தச் செடியின் தாவரப் பெயர் லாசோனியா இனெர்மிஸ். இலையைப் பறித்து, எலுமிச்சைச் சாறும் கொட்டைப்பாக்கும் சேர்த்து அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல் நுனிகளில் தொப்பி. திண்டுக்கல்லின் பேகம்பூர் வீடுகளில் பெருநாளைக்கும், கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் கல்யாணத்துக்கும் வைக்கிற மருதாணி இதுதான்.

இலைக்குள் இருப்பது லாசோன் என்ற பொருள். காய்ந்த இலையின் எடையில் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு. இலையில் அது சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கிறது. இலை நசுங்கி, புளிப்பும் ஈரமும் பட்டு, நேரம் கடந்தால்தான் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து லாசோன் வெளியே வரும். எலுமிச்சை பிழிவதற்கும் இரவு முழுக்க வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே. வெளியே வந்த லாசோன் தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மேலடுக்கு என்பது செத்த செல்களின் அடுக்கு. அதனால் ஒன்றிரண்டு வாரத்தில் அது உதிர, நிறமும் போய்விடும். கழுவியவுடன் ஆரஞ்சாக இருந்து, ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாகக் கனியும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது கறுக்காது. கறுப்பு லாசோனுக்குத் தெரியாத நிறம்.

இன்னொன்றையும் பாட்டிகள் கவனித்திருக்கிறார்கள். உள்ளங்கையில் சிவக்கிற அளவுக்குப் புறங்கையில் சிவக்காது, முழங்கைப் பக்கம் போனால் வெறும் வெளிர் ஆரஞ்சுதான். உள்ளங்கையின் மேலடுக்கு தடிமன், பிடிக்க இடம் அதிகம். புறங்கை, மேற்கை, கழுத்து எல்லாம் மெல்லிய தோல். பழைய முறையில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் மருதாணி உள்ளங்கைக்கும் விரலுக்கும் உரியதாக இருந்தது. இப்போது கேட்கிற டிசைன் வேறு. புறங்கையில் தொடங்கி முழங்கைவரை ஏறும் அரபிக் கொடிகள், பையன்களுக்குத் தோளில் தேளும் சிங்கமும், கழுத்தில் பெயரின் முதலெழுத்து. அந்த இடங்களில் இலை மருதாணி எடுபடாது. அதோடு கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இரவு முழுக்கப் பொறுக்க நேரமில்லை, திருவிழாக் கடையில் நிற்கிற பையனுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. மெல்லிய தோலில் சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்க என்ன வழி? பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஹேர் டை பாக்கெட் ஒன்றைக் கிழித்து மருதாணி விழுதில் கொட்டிவிடுகிறார்கள். சிலர் விழுதே இல்லாமல் டையை மட்டும் தண்ணீரில் குழைத்துக் குச்சியால் வரைகிறார்கள். இலை மருதாணி பிடிக்காத அந்த மெல்லிய தோல்தான் ரசாயனத்தைச் சுலபமாக உள்ளே விடும் தோலும். இந்தப் பொருத்தத்தை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது.

பாக்கெட்டுக்குள் இருப்பதன் முழுப்பெயர் பாரா-பினிலீன்டைஅமீன். சுருக்கமாக பிபிடி. பென்சீன் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் இரண்டு அமீன்கள், அவ்வளவுதான் அதன் உருவம். 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் பிறந்துகொண்டிருந்த காலத்தில் வேதியியலாளர்களின் கைக்கு வந்த பொருள் இது. முதலில் ஐரோப்பாவின் மென்மயிர்த் தோல்களுக்குச் சாயமேற்றப் பயன்பட்டது, பிறகு மனிதத் தலைக்கு ஏறியது. 1907இல் பாரிஸில் யூஜின் ஷுவெல்லர் என்ற இளம் வேதியியலாளர் இவ்வகைச் சாயத்தைத் தயாரித்து முடிதிருத்தும் நிலையங்களுக்கு விற்கத் தொடங்கினார். இன்றைய லோரியால் நிறுவனத்தின் தொடக்கம் அது.

தோலில் ரசாயனம் என்ன செய்யும் என்று திண்டுக்கல்லுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த ஊரின் தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்புக் குழியில் கைவைத்து உழைத்தவர்களின் கதையைத்தான் டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2012ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. சுண்ணாம்பு பட்டால் அன்றே கை பொத்துப்போகும், தொழிலாளிக்கு அது கண்ணுக்குத் தெரிந்த எதிரி. பிபிடி அப்படி அரிப்பதில்லை. அது வேறொரு வழியில் போகிறது.

அந்த வழி எது என்பதைப் புரிந்துகொள்ள, முடியில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிபிடிக்குச் சொந்தமாக நிறம் கிடையாது. அது மிகச் சிறிய மூலக்கூறு, எடை 108 டால்டன். சிறியது என்பதால் முடியின் செதில்களுக்கு இடையே நுழைந்துவிடுகிறது. நுழைந்தபின் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றி பட்டதும் எதோடும் ஒட்டத் துடிக்கிற பொருளாக மாறி, பக்கத்தில் இருக்கிற மூலக்கூறுகளோடு கோத்துக்கொண்டு பெரிய கறுப்பு மூலக்கூறாக வளர்கிறது. வளர்ந்தது வந்த வழியே வெளியேற முடியாது. எத்தனை முறை தலை குளித்தாலும் டை நிற்பதற்குக் காரணம் இது. நம் ஊர்ப் பொடி டைகளில் ஆக்சிஜனேற்றியும் பொடியாகவே கலந்திருக்கும். அதனால்தான் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதுமானதாக இருக்கிறது.

சிறியதாக இருந்து நுழைவது, நுழைந்தபின் எதோடும் ஒட்டிக்கொள்வது. இந்த இரண்டு குணங்களும்தான் பிபிடியைச் சாயமாக்குகின்றன. உயிருள்ள தோலில் நோயை உண்டாக்குவதும் இதே இரண்டு குணங்கள்தான். ஆகவே சுத்தமான பிபிடி, உயர்தர பிபிடி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

தோலின் மேலடுக்கை ஏறக்குறைய 500 டால்டனுக்குக் குறைந்த மூலக்கூறுகள் கடந்துவிடும் என்பது தோல் மருத்துவத்தில் ஒரு பொது விதி. 108 தாராளமாகக் கடக்கும். உள்ளே போனதும் ஆக்சிஜனேறி அங்கிருக்கும் புரதத்தோடு ஒட்டுகிறது. பிபிடி அளவுக்குச் சிறிய பொருளை நோயெதிர்ப்பு மண்டலம் தனியாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பிபிடி ஒட்டிய நம் புரதம் அதன் கண்ணுக்கு அந்நியப் பொருள். தோலில் வேர்போலக் கிளைவிட்டுப் பரந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பிடித்து அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1868இல் விவரித்த செல்கள் இவை. முடிச்சில் அந்த ஒரு பொருளை மட்டுமே தேடித் தாக்கும் டி செல்கள் பெருகத் தொடங்குகின்றன. பெருகி முடியச் சுமார் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். தலைப்பில் சொன்ன பத்தாம் நாள் இங்கிருந்து வருகிறது. அதற்குள் கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, கையில் வைத்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். தோலில் மிச்சமிருக்கும் சாயத்தை டி செல்கள் தேடி வரும்போது, வரைந்த கோடுகள் மேல் மட்டும் அரிக்கத் தொடங்குகிறது. பிறகு சிவந்து தடிக்கும். கொப்புளம் கட்டி நீர் வடியும். தேள் வரைந்த இடத்தில் தேள் உருவத்திலேயே புண் நிற்கும்.

சேராங்கொட்டை பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வண்ணார் துணிக்குக் குறிபோட அதன் பால்தான் பயன்பட்டது. சிலருக்கு அந்தக் குறி படுகிற கழுத்துப் பட்டையிலும் இடுப்பிலும் புண் வரும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்க வீரர்களின் கழுத்திலும் அப்படிப் புண் வந்தது. அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் 1943இல் அதை மருத்துவ இதழில் எழுதினார்கள். சேராங்கொட்டையும் பிபிடியும் வேறு வேறு பொருள்கள் என்றாலும் உடம்பு கையாளும் முறை ஒன்று. முதல் தொடுதலில் கற்றுக்கொண்டு, அடுத்த தொடுதலில் ஓரிரு நாளில் தாக்கும். சேராங்கொட்டைக்கு நம் கிராமத்தார் காட்டுகிற மரியாதையில் பாதியைக்கூட ஹேர் டை பாக்கெட்டுக்கு யாரும் காட்டுவதில்லை.

“தலைக்கு மாதாமாதம் அடிக்கிறோமே, ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தலைக்கு அடிக்கும்போது சாயத்தின் பெரும்பகுதி செத்த பொருளான முடியில்தான் படுகிறது. அரை மணி நேரத்தில் கழுவிவிடுகிறோம். ஆக்சிஜனேற்றி சரியான அளவில் இருந்தால் பிபிடியின் பெரும்பகுதி கறுப்பாக மாறித் தீர்ந்துபோகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கலந்தபின் முடியில் படும் சாயத்தில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் வரையும்போது இவை எல்லாமே தலைகீழ். மெல்லிய தோலின் மேல் கெட்டியாகப் பூசி, காயும்வரை மணிக்கணக்காக வைக்கிறார்கள். அளவு பார்ப்பவர் யாரும் இல்லை. வெளிநாடுகளில் கறுப்பு மருதாணி விழுதுகளைப் பரிசோதித்தபோது சிலவற்றில் பிபிடி 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இதோடு முடிந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம், புண் ஆறிவிடும். ஆனால் கற்றுக்கொண்ட டி செல்கள் மறப்பதில்லை. பத்து வயதில் திருவிழாவில் கையில் படம் போட்டுக்கொண்ட பையனுக்கு நாற்பதில் நரைக்கிறது. மற்றவர்களைப்போல அவரும் தலைக்கு டை அடிக்கிறார். மறுநாள் உச்சந்தலை நீர் வடிகிறது, நெற்றி வீங்குகிறது, இமைகள் உப்பிக் கண் திறக்க முடிவதில்லை. முப்பது வருடத்துக்கு முன் போட்ட படத்தை அவர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. டென்மார்க்கில் தோல் மருத்துவர்கள் 2006இல் பதினாறு வயதுகூட நிரம்பாத 8 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். முடிச்சாயம் போட்டு முகமெல்லாம் வீங்கி வந்தவர்கள். அவர்களில் பலர் அதற்குமுன் கறுப்பு மருதாணி டாட்டூ போட்டுப் புண் பட்டவர்கள்.

பிபிடியோடு நிற்பதும் இல்லை. அதன் சாயலுள்ள வேறு பொருள்களையும் டி செல்கள் எதிரியாக எடுத்துக்கொள்ளக்கூடும். மரத்துப்போக வைக்கும் களிம்புகளில் உள்ள பென்சோகெயின், சில துணிச் சாயங்கள், கறுப்பு ரப்பரில் சேர்க்கும் சில ரசாயனங்கள் இந்தப் பட்டியலில் வரும். எல்லோருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதல்ல. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை.

நம் ஊரில் பேசத் தயங்குகிற இன்னொரு விளைவும் உண்டு. புண் ஆறிய இடத்தில் சிலருக்கு நிறம் போய் வெள்ளையாகிவிடும். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2009இல் ரசாயனத்தால் தோல் வெளுத்த 864 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். காரணங்களில் முதலிடம் முடிச்சாயத்துக்கு, 27.4 சதவீதம். ஒட்டும் பொட்டின் பசைகூட அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு பெண்ணின் புறங்கையில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் இங்கே கல்யாணப் பேச்சு எப்படி நின்றுபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். அது தொற்றுநோய் இல்லை, பரம்பரை நோயும் இல்லை, கல்யாண மருதாணியில் கலந்த ஒரு பாக்கெட் என்று யார் போய் விளக்கிக்கொண்டிருப்பது?

உடம்புக்குள் நேராகப் போய்விட்டால் பிபிடி நச்சாகவே வேலை செய்கிறது. கழுத்தும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும், தசைகள் சிதையும், சிறுநீரகம் செயலிழக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2010இல் இதை வெப்பமண்டல நாடுகளில் வளர்ந்துவரும் பிரச்சினை என்று எழுதினார்கள். இதற்கென்று முறிமருந்து கிடையாது. படம் வரைந்து மீந்த குழம்பைக் கிண்ணத்தோடு திண்ணையில் விட்டுவைக்கிற வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கிறது.

ஆபத்து அதிகமாக விழுவது வரைகிறவர் மேல்தான். கல்யாண சீசனில் திண்டுக்கல்லிலும் சின்னாளபட்டியிலும் வீடு வீடாகப் போய் மெஹந்தி போடும் பெண்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், கல்லூரிச் செலவுக்கோ குடும்பச் செலவுக்கோ சம்பாதிப்பவர்கள். கோனை அழுத்தும் விரல், சிந்தியதைத் துடைக்கும் விரல், பார்லரில் தலைக்கு டை தடவும் விரல் எல்லாம் அதே விரல்கள். ஒவ்வாமை வந்துவிட்டால் அவர்கள் போவது டாக்டரிடம் மட்டுமல்ல, வேலையை விட்டும்தான். அவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோன் உறையின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்பனைக்கு வந்தது. அதில் பிபிடி வகைச் சாயம் இருந்தது. அழகுக்காக இமையில் பூசிய பெண்களில் சிலர் பார்வை இழந்தார்கள், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 1938இல் அமெரிக்கா உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்த கோபங்களில் இதுவும் ஒன்று. ஆனால் முடிச்சாயத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் ஒரு விலக்குக் கொடுத்தது: எச்சரிக்கை வாசகத்தை அச்சிட்டால் விற்கலாம். நம் நாட்டு அழகுசாதன விதிகளிலும் கிட்டத்தட்ட அதே வாசகம் இருக்கிறது. தோல் எரிச்சல் வரலாம், முன்சோதனை செய்யுங்கள், புருவத்திலும் இமையிலும் பூசாதீர்கள், கண் பார்வை போகலாம் என்று. ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் உள்ளுறை வெளியுறை இரண்டிலும் அச்சிட வேண்டும். சிறிய பாக்கெட்டின் மூலையில் அது எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டாயமான அந்த வாசகம் புருவத்தையும் இமையையும் பற்றித்தான் பேசுகிறது. கையில் படம் போடுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் முடிச்சாய உறைகளில் இரண்டு வரிகள் கூடின. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது உரியதல்ல, தற்காலிகக் கறுப்பு மருதாணி டாட்டூ ஒவ்வாமை அபாயத்தைக் கூட்டும் என்று. மருதாணியே விளையாத குளிர்நாட்டில் எழுத முடிந்த அந்த வரிகளை, வேலிக்கு வேலி மருதாணி நிற்கிற நாட்டில் தமிழில் அச்சிடுவதில் என்ன கஷ்டம்? அரசு இதைச் செய்ய வேண்டும், தாமதிக்காமல்.

அதுவரை நம் கையில் இருப்பது கண்ணும் மூக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கறுப்பாகப் பிடித்தால் அது மருதாணி இல்லை. கோனை அழுத்தினால் பச்சை அல்லது பழுப்பு விழுது வர வேண்டும், மை மாதிரி கறுப்பாக வந்தால் வேண்டாம். மண்ணெண்ணெய், டர்பென்டைன் வாடை அடித்தால் அதுவும் வேண்டாம். அந்த எண்ணெய்களே தோலைப் புண்ணாக்கக்கூடியவை. ‘பிளாக் ஹென்னா’ என்று பெயர் போட்டிருப்பது முடிக்கான டைதான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டோம் என்ற தைரியமும் தோலில் வரைவதற்கு உதவாது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரைத்தான் அந்தச் சோதனை காட்டும், அதுவும் சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்து. இனிமேல் வரப்போகிற ஒவ்வாமையை அதனால் காட்ட முடியாது.

ஏற்கெனவே வரைந்தாகிவிட்டதா? சோப்பும் தண்ணீரும் போட்டு மென்மையாகக் கழுவுங்கள். சுரண்ட வேண்டாம், எலுமிச்சையும் பற்பசையும் வைத்துத் தேய்க்க வேண்டாம். இரண்டு வாரம் அந்த இடத்தைக் கவனியுங்கள். அரிப்போ கொப்புளமோ வந்தால் தோல் டாக்டரிடம் போங்கள். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் மருத்துவமனைக்கே போகலாம். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். போகும்போது கோன் உறையையோ டை பாக்கெட்டையோ கையோடு எடுத்துப்போங்கள். பிபிடி ஒவ்வாமை என்று டாக்டர் உறுதி செய்தால் அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள். அந்தப் பிள்ளைக்கு முதல் நரை விழும் வயதில் அந்தச் சீட்டு தேவைப்படும்.